நாவல் வாசிப்புப் பதிவேடு: முதல் பக்கம் முதல் ஆண்டுக் கணக்கு வரை

பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் ஓர் அரங்கின் முன் நின்றுகொண்டு, கையில் எடுத்த நாவலை முன்பே படித்திருக்கிறோமா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் தயங்கும் வாசகர்களை எப்போதும் காணலாம். தலைப்பு பழகியதாக இருக்கும். அதை வார இதழில் தொடராகப் படித்தோமா, மாவட்ட மைய நூலகத்தில் இரவல் வாங்கிப் பாதியில் திருப்பிக் கொடுத்தோமா, அல்லது பிறர் சொல்லக் கேட்டதோடு சரியா என்பது மட்டும் நினைவுக்கு வராது. படித்தது உறுதி என்று தெரிந்த நாவல்களிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அருமையான நாவல் என்று நண்பர்களிடம் பல முறை சொல்லியிருப்போம். எந்த இடம் அருமை என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் அகப்படாது.

ஐந்நூறு பக்க நாவலுக்கு ஒரு வாசகர் தம் வாழ்நாளில் எத்தனையோ மாலைப்பொழுதுகளைக் கொடுக்கிறார். அவற்றுக்கு ஈடாக ஒரு பக்கக் குறிப்பாவது அவர் கையில் மிஞ்ச வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அப்படி ஒரு பதிவேட்டைத் தொடங்கி, பல ஆண்டுகள் தளராமல் நடத்துவதற்கான முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இதில் நான் மிகவும் வலியுறுத்துவது, மதிப்பெண்ணைத் தேதியோடும் காரணத்தோடும் எழுத வேண்டும் என்பதையும், பிற்பாடு கருத்து மாறினாலும் பழைய மதிப்பெண்ணை அழிக்கக் கூடாது என்பதையும்தான். மற்ற ஏற்பாடுகள் யாவும் இதற்குத் துணை செய்பவையே.

எவற்றைப் பதிவது

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். நாவல் மட்டுமா, குறுநாவலும் சேருமா, பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் மாத நாவல்கள் கணக்கில் வருமா, மொழிபெயர்ப்புகளை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு முதல் பக்கத்திலேயே விடை எழுதி வையுங்கள். விடை எதுவாக இருந்தாலும் குற்றமில்லை. ஆண்டின் நடுவில் மாற்றாமல் இருப்பதே முக்கியம்.

என் பரிந்துரை, அனைத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் வாங்கி, ஊர் போய்ச் சேருவதற்குள் முடித்துவிட்ட மாத நாவலும் நம் வாசிப்பின் ஒரு பகுதிதான். அதை விட்டுவிட்டுப் பெரிய எழுத்தாளர்களை மட்டும் எழுதி வைத்தால், அது நாம் எப்படிப்பட்ட வாசகராகத் தோன்ற விரும்புகிறோம் என்பதைத்தான் காட்டும். வகை என்று ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, ஒதுக்கி, அதில் நாவல், குறுநாவல், மாத நாவல், மொழிபெயர்ப்பு என்று குறித்துவிட்டால் பிறகு பிரித்துப் பார்ப்பது எளிது. சிறுகதைத் தொகுப்புகளை இந்தப் பதிவேட்டில் கலக்க வேண்டாம். பன்னிரண்டு கதைகளுக்குச் சேர்த்து ஒரே மதிப்பெண் இடுவது எந்தக் கதைக்கும் நியாயம் செய்யாது. அவற்றுக்குத் தனி நோட்டு வேண்டும்.

நோட்டா, கணினியா

இரண்டிலும் நன்மை உண்டு. கையால் எழுதும்போது சிந்தனை மெதுவாக ஓடுகிறது, குறிப்பு தானாகச் செறிவடைகிறது. கணினி விரிதாளில் தேடுவதும் அடுக்குவதும் நொடியில் முடிந்துவிடும். நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன்: குறிப்பு நோட்டில், பட்டியல் விரிதாளில். இரண்டையும் இணைப்பது வரிசை எண். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதும் எண்ணை விரிதாளின் முதல் பத்தியிலும் இட்டுவிட்டால் எதையும் எளிதில் கண்டுபிடிக்கலாம்.

நோட்டு வாங்கும்போது தையல் பைண்டிங் உள்ள, கெட்டி அட்டை போட்ட, நீளமான கணக்கு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். சுருள் கம்பி நோட்டுகளில் நாளடைவில் தாள் கிழிந்து வந்துவிடும். முதல் பக்கத்துக்கு அடுத்த நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதிப் பக்கங்களுக்குக் கையாலேயே எண் இடுங்கள். தண்ணீர் பட்டால் ஊற்றுப்பேனா மை கரைந்து பரவும் என்பதால் பந்துமுனைப் பேனாவே நல்லது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்தில் சாரல் மாதங்களில் அலமாரிக்குள் இருக்கும் தாளே ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதை அங்கே வாழ்பவர்கள் அறிவார்கள்.

இணையத்தில் குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்கள் இதே வேலைக்காக இருக்கின்றன. 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வசம் சென்ற குட்ரீட்ஸில் ஒன்று முதல் ஐந்து வரை முழு நட்சத்திரங்களே உண்டு. ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம் வரை இடலாம். தமிழ் வாசகருக்கு இவற்றில் உள்ள சிக்கல், ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் பலவிதமாக ஒலிபெயர்க்கப்பட்டு வேறு பதிவுகளாகவும் சிதறிக் கிடப்பது. பழைய தமிழ் நூல்கள் பல அங்கே இடம்பெறவே இல்லை. ஆகவே இவற்றைத் துணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, மூலப் பதிவேடு உங்கள் கையில் இருக்க வேண்டும். இத்தளங்களைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் பதிவுகளைக் கோப்பாகத் தரவிறக்கும் வசதியை ஆண்டுக்கு ஒரு முறையாவது பயன்படுத்த வேண்டும்.

விரிதாளில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-07-15 என்பதுபோல எழுதினால் எந்த மென்பொருளிலும் கால வரிசை பிசகாது. கோப்பைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) வடிவில் சேமிக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் காக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மறுமுறை திறக்கும்போது தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளோ பொருளற்ற குறிகளோ நிற்கக்கூடும்.

என்னென்ன பத்திகள்

பத்திகள் மிகுந்தால் பதிவேடு சில மாதங்களில் கைவிடப்படும். வரிசை எண், ஆசிரியர், நாவல், மொழிபெயர்ப்பாளர், முதலில் வெளிவந்த ஆண்டு, கையில் உள்ள பதிப்பு, எங்கிருந்து கிடைத்தது, தொடங்கிய தேதி, முடித்த தேதி, வகை, நிலம் (கதை நடக்கும் நிலப்பகுதி), முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் (ஆறு மாதம் கழித்து இடுவது) ஆகிய இவ்வளவே போதும். பக்க எண்ணிக்கையைப் பதிப்புப் பத்தியிலேயே எழுதிவிடலாம். கிண்டிலில் படித்தால் பக்கத்துக்குப் பதிலாக மின்னூல் என்றும், ஒலிநூலாகக் கேட்டால் மொத்த நேரத்தையும் குறித்தால் போதும்.

எங்கிருந்து கிடைத்தது என்ற பத்தியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அது மிகவும் பயன்படும் பத்தி என்பதே என் அனுபவம். கிளை நூலகத்தில் எடுத்ததா, நண்பரிடம் இரவல் வாங்கியதா, பழைய புத்தகக் கடையில் அகப்பட்டதா என்பது தெரிந்தால், மறுவாசிப்புக்கு எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். இரவல் வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுத்தோமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும். நூலகப் புத்தகமாக இருந்தால் முதுகில் ஒட்டியுள்ள அழைப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு மொழிபெயர்ப்பாளர் பத்தி காலியாக இருக்கக் கூடாது. தகழியின் செம்மீனைத் தமிழில் படித்தவர் சுந்தர ராமசாமியின் தமிழைப் படித்திருக்கிறார். அந்த மதிப்பெண்ணில் அவருக்கும் பங்கு உண்டு. நாவல் பிடிக்காமல் போனதற்கும் சில வேளைகளில் மொழிபெயர்ப்பே காரணமாக இருக்கும் என்பதால், வேறொருவர் பெயர்த்த பதிப்பு கிடைத்தால் மீண்டும் முயலலாம் என்று முடிவெடுக்கவும் இந்தப் பத்தி உதவும்.

ஆசிரியர் பெயரும் ஆண்டும்

பட்டியல் ஒழுங்காக இருப்பதும் குலைவதும் இந்த இரண்டில்தான். தமிழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வருகிறது. தி. ஜானகிராமன் என்று அப்படியே எழுதி அகர வரிசைப்படுத்தினால் அவர் தகர வரிசையிலும், கி. ராஜநாராயணன் ககர வரிசையிலும் போய் நிற்பார்கள். ஜானகிராமன், தி. என்றும் ராஜநாராயணன், கி. என்றும் பெயரை முன்னே வைத்து எழுதினால் தேடும் இடத்தில் கிடைப்பார்கள். புனைபெயரால் அறியப்பட்டவர்களைப் புனைபெயரிலேயே எழுதுங்கள். கல்கி என்று ஒரு வரியிலும் கிருஷ்ணமூர்த்தி, ரா. என்று வேறொரு வரியிலும் எழுதினால் ஒரே எழுத்தாளர் இருவராகிவிடுவார். ஷண்முகசுந்தரம், சண்முகசுந்தரம் போன்ற எழுத்து வேறுபாடுகளிலும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். ஜ, ஷ, ஸ போன்ற எழுத்துகளைச் சில மென்பொருள்கள் பட்டியலின் கடைசியிலும் சில நடுவிலும் வைக்கின்றன. தேடும்போது இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆண்டைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவை. நூலின் உள்ளே முதல் பதிப்பு என்று அச்சிட்டிருக்கும் ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிப்பகம் மாறும்போது, புதிய பதிப்பகம் தான் முதன்முதலில் அச்சிட்ட ஆண்டையே முதல் பதிப்பு என்று போடுவது இங்கே சாதாரணம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நாவல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுவதால், ஒரே நாவலுக்குப் பல முதல் பதிப்பு ஆண்டுகளும் பல பக்க எண்ணிக்கைகளும் கடைகளில் உலவுகின்றன. எனவே முதலில் வெளிவந்த ஆண்டையும் கையில் உள்ள பதிப்பின் ஆண்டையும் வெவ்வேறு பத்திகளில் வைக்க வேண்டும். முன்னுரைகளைப் படித்தால் பெரும்பாலும் உண்மையான ஆண்டு தெரிந்துவிடும். இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலிலோ பார்க்கலாம். அப்போதும் கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதிய ஆண்டு, சில காலம் கழித்து உறுதியான செய்திபோல் நம்மையே ஏமாற்றும்.

தொடராக வெளிவந்தவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல் விவேக சிந்தாமணியில் தொடங்கி, 1896இல் நூலாயிற்று. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. நான் தொடர் தொடங்கிய ஆண்டையே முதல் ஆண்டாகக் கொள்கிறேன், ஏனெனில் அன்றைய வாசகர்கள் அதைச் சந்தித்தது அப்போதுதான். பொன்னியின் செல்வன்போலப் பல பாகங்கள் கொண்டதை ஒரே பதிவாக எழுதி, ஒவ்வொரு பாகத்தையும் முடித்த தேதியைக் குறிப்பில் சேர்த்தால் போதும். கோபல்ல கிராமமும் கோபல்லபுரத்து மக்களும்போல, தொடர்ச்சியாக இருந்தாலும் தனித்தனியாக எழுதப்பட்ட நாவல்களுக்குத் தனிப் பதிவுகளும், ஒன்றிலிருந்து மற்றதற்கு வரிசை எண்ணால் இணைப்பும் வேண்டும்.

வீட்டில் பைண்டு செய்த தொடர்கதைகள்

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில், பரணிலோ மர அலமாரியிலோ, வார இதழ்களிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொடர்கதைகள் இன்னும் இருக்கின்றன. ஓவியத்தோடு கூடிய பக்கங்கள், நடுவே பாதி தெரியும் விளம்பரங்கள், முந்தைய அத்தியாயத்தின் சுருக்கம், சில இடங்களில் அந்தக் காலத்து வீட்டுப் பெண்மணி எழுதிய தேதி என்று இவற்றில் இருப்பது வேறெங்கும் கிடைக்காத செல்வம். அச்சு நூலில் சேராத ஓவியங்களும், நூலாகும்போது ஆசிரியர் மாற்றிய அல்லது நீக்கிய பகுதிகளும் இவற்றில்தான் எஞ்சியிருக்கும்.

இவற்றைப் பதிவதற்குப் பொறுமை வேண்டும், ஏனெனில் தலைப்புப் பக்கம் இருக்காது. பக்கத்தின் அடியிலோ மேல் ஓரத்திலோ இதழின் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பைண்டிங் செய்தவர் ஓரத்தை வெட்டியிருந்தால் அவை போயிருக்கும். அப்போது கதைப் பக்கத்தின் பின்புறம் அச்சாகியுள்ள திரைப்பட விளம்பரமோ, தீபாவளி, பொங்கல் வாழ்த்தோ காலத்தைக் காட்டிக்கொடுக்கும். எந்த அத்தியாயங்கள் விடுபட்டிருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். விடுபட்ட அத்தியாயத்தை அச்சு நூலில் படித்து நிரப்பியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். யார் சேர்த்தது, யார் பைண்டு செய்யக் கொடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதும் பதிவேட்டின் வேலைதான். ஆச்சி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய செய்தி அது.

முடித்த அன்றே எழுதுவது

கடைசிப் பக்கத்தைப் படித்த அன்று இரவோ மறுநாள் காலையோ குறிப்பை எழுதிவிட வேண்டும். அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டால் முந்தையதன் சுவை கலங்கிப்போகும். கதைச் சுருக்கம் எழுதுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், அது பின்னட்டையில் இருக்கிறது. எழுத வேண்டியவை வேறு: எந்தக் காட்சியில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் இருந்தீர்கள், எந்த மாந்தர் உயிரோடு நடமாடினார், எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது, எந்தப் பக்கத்தை மீண்டும் புரட்ட வேண்டியிருந்தது. பக்க எண்ணோடு எழுதினால், மறுமுறை புத்தகத்தைத் திறக்கும்போது அந்தக் காட்சிகளை உடனே அடையலாம். படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து, அதில் பக்க எண்களை மட்டும் குறித்து வந்தால் இந்த வேலை எளிதாகும். இரவல் நூலில் பென்சில் கோடுகூடப் போட வேண்டியதில்லை.

மாதிரிக்கு ஒரு குறிப்பு. "ராஜநாராயணன், கி. கோபல்ல கிராமம். முதலில் வெளிவந்தது 1976. நிலம்: கரிசல். பூட்டி மங்கத்தாயாரு, தம் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்லும் பகுதி முழுவதையும் ஒரே அமர்வில் படித்தேன். காட்டை அழித்து விளைநிலமாக்கும் பகுதியில் தனி ஒரு கதாநாயகன் இல்லை, ஊரே பாத்திரமாகிறது. கோட்டையார் வீட்டு மனிதர்களை அறிமுகப்படுத்தும் இடங்களில் வேகம் குறைந்தாலும், அந்தச் சிறு சிறு சித்திரங்கள் இல்லாமல் ஊர் உருவாகாது என்று பிறகு தோன்றியது. மொழி: வலு. மாந்தர்: வலு. கட்டமைப்பு: தளர்வு, ஆனால் வேண்டுமென்றே விட்ட தளர்வு. நிலம்: மிக வலு. மதிப்பெண் 5." இந்த அளவு போதும். எழுத எழுத உங்களுக்கே உரிய நடை வந்துவிடும்.

பாதியில் நிறுத்திய நாவல்களையும் பதிய வேண்டும். நிறுத்திய பக்கத்தையும் காரணத்தையும் எழுதுங்கள், மதிப்பெண் இடாதீர்கள். தவணைத் தேதி வந்ததால் திருப்பிக் கொடுத்தது, மொழி பிடிபடாததால் விட்டது, மனநிலை ஒத்துவராமல் மூடியது என்று காரணங்கள் வெவ்வேறு. முதல் வகையைச் சேர்ந்தவற்றை மறுபடியும் தேடி எடுக்க வேண்டும்.

மதிப்பெண் இடும் முறை

நான் ஒன்று முதல் ஐந்து வரை முழு எண்களையே பயன்படுத்துகிறேன். நூற்றுக்கு இத்தனை என்று போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். எழுபத்து மூன்றுக்கும் எழுபத்தாறுக்கும் என்ன வேறுபாடு என்று அடுத்த மாதம் அவர்களாலேயே சொல்ல முடிவதில்லை. அரை மதிப்பெண்ணையும் நான் தவிர்க்கிறேன். மூன்றரை என்று எழுதும் கை, மூன்றா நான்கா என்று யோசிக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. அந்த உழைப்பில்தான் நம் இரசனை தெளிவடைகிறது.

ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் முழு வாக்கியத்தில் எழுதி வையுங்கள். என் நோட்டில் ஒன்று என்றால் முடித்தேன் என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாவல். இரண்டு என்றால் சில பக்கங்கள் நன்றாக அமைந்து, முழுமை கூடாமல் போனது. மூன்று என்றால் நிறைவாகப் படித்தது, மீண்டும் எடுக்கும் அவசரம் இல்லாதது. நான்கு என்றால் கட்டாயம் மீண்டும் படிப்பேன், கேட்பவர்களுக்கு வற்புறுத்திச் சொல்வேன். ஐந்து என்றால் அதற்குப் பிறகு நான் படித்த நாவல்களை அதன் அருகே வைத்துப் பார்க்கும்படி செய்தது. மூன்று நல்ல மதிப்பெண் என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலான நல்ல நாவல்கள் அங்கேதான் இருக்கும், அதில் அந்த எழுத்தாளர்களுக்குக் குறைவு ஒன்றுமில்லை.

பிறகு, ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் நன்கு அறிந்த ஒரு நாவலை அளவுகோலாக நிறுத்துங்கள். புதிதாக ஒன்றைப் படித்து முடித்து நான்கு என்று தோன்றும்போது, உங்கள் நான்காம் எண் நாவலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு இணையாக நிற்கிறது என்றால் நான்கு. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், நல்ல மனநிலையில் இருக்கும் மாதத்தில் எல்லாம் ஐந்தாகவும், வேலைப் பளு மிகுந்த மாதத்தில் எல்லாம் இரண்டாகவும் ஆகிவிடும்.

மொழி, மாந்தர், கட்டமைப்பு, நிலம் என்ற நான்கைப் பற்றியும் ஓரிரு சொற்களில் எழுதுவது நல்லது. ஆனால் அவற்றுக்கு எண் கொடுத்துக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். கட்டமைப்பு உடைந்து கிடந்தும் ஒரே ஒரு மனிதரை மறக்க முடியாதபடி படைத்துக் காட்டிய நாவல் ஐந்து பெறலாம். எல்லாம் சரியாக அமைந்தும் உயிரில்லாத நாவல் இரண்டிலேயே நிற்கலாம். நாவலின் முழு மதிப்பு அதன் உறுப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து வருவதில்லை.

இரண்டாம் மதிப்பெண்தான் இந்த முறையின் உயிர். முடித்து ஆறு மாதம் ஆன பிறகு, புத்தகத்தையும் பழைய குறிப்பையும் திறக்காமல், நினைவில் என்ன எஞ்சியிருக்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். அதன்பின் புதிய மதிப்பெண்ணை இடுங்கள். அதற்கும் பிறகுதான் முதல் குறிப்பைப் படிக்க வேண்டும். என் பதிவேட்டில், விறுவிறுப்பால் ஒரே இரவில் முடித்த நாவல்கள் பல இந்த இரண்டாம் சோதனையில் ஒரு படி இறங்கியிருக்கின்றன. மெதுவாக, சிரமப்பட்டுப் படித்தவற்றில் சில ஒரு படி ஏறியிருக்கின்றன. எந்தத் திசையில் மாறினாலும் பழைய எண்ணை அடித்து அழிக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நம் இரசனையைப் பற்றிச் சொல்வது, எந்த ஒற்றை மதிப்பெண்ணும் சொல்லாதது. மறுவாசிப்பு நேர்ந்தால் புதிய வரிசை எண்ணோடு புதிய பதிவு எழுதி, பழையதோடு இணைக்க வேண்டும்.

நம் ஊர் நாவல்களை மதிப்பிடுவது

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1898இல் வெளிவந்த பத்மாவதி சரித்திரத்தை எழுதிய மாதவையா பெருங்குளத்தில் பிறந்தவர். அன்று தொடங்கி இன்றுவரை நம் சீமையின் நாவல் மரபு அறுபடவில்லை. பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் பெயரையே தலைப்பாகக் கொண்ட வண்ணநிலவனின் ரெய்னீஸ் ஐயர் தெருவை அந்தத் தெருவில் நடந்து பழகியவர் படிப்பதும், வேறு ஊர்க்காரர் படிப்பதும் ஒன்றாகாது. பழகிய தெருவும் பழகிய பேச்சும் கண்ணில் பட்டவுடன் மனம் நெகிழ்ந்து, மதிப்பெண் ஒரு படி தானாக ஏறிவிடுகிறது. இதைத் தவறு என்று நான் கருதவில்லை. ஆனால் எழுதிவைக்க வேண்டும். இதே நாவல் தஞ்சாவூரிலோ கோவையிலோ நடந்திருந்தால் இந்த மதிப்பெண்ணைக் கொடுத்திருப்பேனா என்ற கேள்விக்கு ஒரு வாக்கியம் விடை எழுதி, மதிப்பெண்ணின் அருகே ஊர் என்று ஒரு குறி இடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஊர் தெரிந்தவர் பிழைகளை மன்னிப்பதில்லை. சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் கதையில் ஒருவர் அந்தப் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்குப் போனால் நமக்கு உறுத்தும். ஆற்றங்கரை ஊர்க்காரர் கரிசல் பேச்சில் பேசினாலும் உறுத்தும். இத்தகைய பிழைகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவை நாவலின் உயிரைத் தொடுகின்றனவா என்று கேட்ட பிறகே மதிப்பெண்ணைக் குறையுங்கள். பேச்சு வழக்கில் புதிதாகக் கண்ட சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கினால், சில ஆண்டுகளில் நல்லதொரு சொற்பட்டியல் சேர்ந்துவிடும்.

நிலம் என்ற பத்தியை மாவட்டப் பெயரால் நிரப்ப வேண்டாம். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. நாவல்கள் அந்த எல்லைகளுக்குள் அடங்குவதில்லை. தாமிரபரணி ஆற்றுப்படுகை, கரிசல், செம்மண் தேரி (செம்மணல் மேடுகள்), கடற்கரை, மேற்கு மலை என்று ஐந்தாகப் பிரித்து, வெளியூர்க் கதைகளுக்கு அந்தந்த நிலத்தின் பெயரை எழுதலாம். சில ஆண்டுகள் சென்றபின் அடுக்கிப் பார்த்தால், கரிசலில் பல நாவல்களும், கடற்கரையில் சிலவும், தேரியில் மிகச் சிலவும் படித்திருப்பது தெரியவரும். அடுத்து எதைத் தேட வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே காட்டும்.

நம் பகுதியில் எழுத்தாளர்கள் அண்டை அயலில் வாழ்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் சந்திக்கிறோம், கையெழுத்திட்டு நூலை அன்போடு தருகிறார்கள். அண்ணாச்சி தந்த நாவலுக்கு இரண்டு என்று எழுத மனம் கூசும். பதிவேட்டை யாருக்கும் காட்டுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால் அந்தக் கூச்சம் விலகும். கேட்பவர்களிடம் நாவலைப் பற்றிப் பேசலாம், எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பு படித்தவற்றைச் சேர்ப்பது

பதிவேடு தொடங்குவதற்கு முன் படித்த நாவல்களை நினைவிலிருந்து எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அவற்றை நோட்டின் தனிப் பகுதியில், எண்ணில்லாமல், ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். தேதிக்குப் பதில் கல்லூரிக் காலம், திருமணத்துக்கு முன் என்பதுபோலச் சுமாரான காலமும், நினைவில் நிற்கும் ஒரு காட்சியும் போதும். மதிப்பெண் வேண்டாம். மீண்டும் படிக்கும்போது முறையான பதிவுக்கு வரட்டும்.

ஆண்டு முடிவில்

மார்கழி இறுதியில் ஒரு நாளை ஒதுக்கி, அந்த ஆண்டின் பதிவுகளை முதலிலிருந்து படியுங்கள். எத்தனை நாவல்கள் என்ற எண்ணிக்கைக்கு நான் மதிப்புத் தருவதில்லை. ஆயிரம் பக்க நாவல் ஒன்றை மூன்று மாதம் படித்தவரை, அதே காலத்தில் பத்துச் சிறிய நாவல்களை முடித்தவரோடு ஒப்பிட முடியாது. பார்க்க வேண்டியவை வேறு. ஒரே எழுத்தாளரிடமே தங்கிவிட்டோமா? பெண்கள் எழுதிய நாவல்கள் எத்தனை? மொழிபெயர்ப்புகள் எந்த மொழிகளிலிருந்து வந்தன? எல்லா மதிப்பெண்ணும் நான்காகவே இருந்தால், நமக்குப் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம் என்று பொருள். பாதியில் நிறுத்தியவற்றின் பட்டியலையும் அப்போது படித்து, ஒன்றிரண்டை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள். அளவுகோல் நாவல்களையும் அன்றுதான் மாற்ற வேண்டும். மாற்றினால் தேதியையும் காரணத்தையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பாதுகாத்தல்

தாளுக்கு எதிரிகள் ஈரமும் பூச்சியும் வெள்ளமும். இராமபாணப் பூச்சிக்கு நிழலில் உலர்த்திய வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. இலையில் ஈரம் இருக்கக் கூடாது, சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நோட்டைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்கள் காப்பாற்ற முடியாதபடி நனைந்தன. ஆகவே பதிவேடு அலமாரியின் மேல் தட்டில், கனமான பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை, புதிதாக எழுதிய பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து, வரிசை எண்ணையே கோப்பின் பெயராக இட்டு, விரிதாள் இருக்கும் கூகுள் டிரைவ் கோப்புறையிலேயே சேர்த்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் கோப்புறையைத் திறக்கும் உரிமையைக் கொடுத்து, நோட்டு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.